ஜஹாஜ் ஆட்டத்தில் ஒரு பத்லி

செத்துப்போன ஒருவன் குடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். மகேஷ்குமார் எங்களிடம் கொண்டுவந்த கேஸ் இதுதான்.

ஹேடோவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ் இருக்கிறது. எங்கள் என்றால் துப்பறியும் பூங்கோதை அக்காவும், அவருக்கு அசிஸ்டென்டான நானும். என் பெயர் பிரேம். ஒரு கான்ட்ராக்டரை நம்பி விருதுநகரிலிருந்து இந்த அந்தமான் தீவுக்குக் கப்பலேறி வந்தேன். அவர் ஓடிவிட்டார், நான் தங்கிவிட்டேன். அக்கா போர்ட் பிளேரிலேயே பிறந்தவர். கோபம் வந்தால் ஹிந்தி பேசுவார், யோசனை வந்தால் பேசவே மாட்டார், மற்ற நேரத்தில் தமிழ்.

மகேஷுக்கு முப்பது வயது இருக்கும். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு பேசினான்.

"என் தோஸ்த் ஹரிஹரன் வண்டூர் பீச்சுல கடலோட போயி ஒரு மாசமாச்சு மேடம். குடிச்சுட்டு இறங்கினான்னு சொல்றாங்க. அவன் குடிக்கவே மாட்டான்."

"அப்ப நீங்க அங்க இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"இருந்தேன். ஆனா இல்லை."

"இந்தப் பதிலை சாமியார் யாராவது சொன்னா கால்ல விழலாம். நீங்க கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. விளக்கினான். மகேஷ், ஹரி, சந்திரமோகன், தபன் என்று நான்கு நண்பர்கள். நான்கு பேருடைய அப்பாக்களும் ஹேடோ துறைமுகத்தில் ஒரே கேங்கில் மூட்டை இறக்கியவர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரமோகனின் ஜீப்பில் வண்டூருக்குப் போவார்கள். மீன் சுடுவார்கள், ரம் பாட்டிலைத் திறப்பார்கள், வட்டமாக உட்கார்ந்து ஆட்டம் ஆடுவார்கள்.

"என்ன ஆட்டம்? பாட்டிலைச் சுத்தி விடறதா, கிளாஸுக்குள்ள காசு எறியறதா? 'நான் இதுவரை செஞ்சதே இல்லை'ன்னு ஒருத்தர் சொல்ல, செஞ்சவங்க எல்லாம் ஒரு மடக்கு குடிக்கணும்னு ஒண்ணு இருக்கே, அதுவா? அதை மட்டும் ஆடாதீங்க. விருதுநகர்ல ரெண்டு கல்யாணம் அதுல நின்னு போச்சு."

"ஜஹாஜ் ஆட்டம். கப்பல் ஆட்டம். ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா எண்ணிட்டுப் போகணும். ஏழு வர்ற இடத்துல ஏழுன்னு சொல்லக்கூடாது, ஜஹாஜ்னு சொல்லணும். ஏழால வகுபடற பதினாலு, ஏழு வர்ற பதினேழு, எல்லாத்துக்கும் அப்படித்தான். தப்பு விட்டவன் ஒரு மடக்கு குடிக்கணும்."

"ஹரி தப்பு விட்டா?" என்றார் அக்கா.

"நான் குடிப்பேன். நான் அவனோட பத்லி."

ஷிப்ட்டுக்கு வர முடியாதவர் தனக்குப் பதிலாக அனுப்புகிற ஆளுக்குத் துறைமுகத்தில் பத்லி என்று பெயர். அப்பாக்களின் வேலையிலிருந்து அந்த வார்த்தையைப் பிள்ளைகள் ஆட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஹரி மீன் சுடுவான், ஒப்புக்குச் சப்பாணியாக வட்டத்தில் உட்காருவான், அவன் தோற்றால் மகேஷ் குடிப்பான். திரும்பி வரும்போது ஹரிதான் ஜீப்பை ஓட்டுவான். முதல் பார்ட்டியிலிருந்தே இதுதான் ஏற்பாடு.

"அன்னைக்கு ஹரி நிறையத் தோத்தான். என் பங்கு, அவன் பங்கு, எல்லாம் எனக்குள்ள போச்சு. சாயங்காலமே விழுந்துட்டேன். அதுக்கப்புறம் எதுவுமே ஞாபகமில்லை. காலையில என் வீட்டுக் கட்டில்ல முழிச்சேன், சந்திரனோட சட்டையைப் போட்டுட்டு. நான் வாந்தி எடுத்தேனாம், மாத்தி விட்டானாம். போன்ல ரம் கொட்டி அதுவும் போச்சாம். அப்புறம்தான் ஹரியைப் பத்திச் சொன்னாங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"நான் விழுந்ததும் ஹரிக்குப் பத்லி இல்லாமப் போச்சு. ஆட்டம் தொடர்ந்துச்சு. கேலி பண்ணினதுல ரோஷப்பட்டு அவனே எடுத்துக் குடிச்சான். போதையில கடல்ல இறங்கிட்டான். போலீஸ்லயும் இதையேதான் சொல்லியிருக்காங்க. கரை ஒதுங்கின உடம்புல எடுத்த சாம்பிள் மெயின்லேண்டுக்குப் போயிருக்கு, எப்ப வரும்னு தெரியாது. யாரோ கட்டாயப்படுத்தி ஊத்தி விட்டிருக்காங்க மேடம். அது யாருன்னு தெரியணும். எனக்காக இல்லை. அவங்கம்மாவுக்காக."

அக்கா சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சட்டை சந்திரனோடது. பேன்ட்?"

மகேஷ் யோசித்தான். "அதுவும் அவனோடதுதான்."

அவன் படியிறங்கிப் போனதும் நான் சொன்னேன். "பேன்ட் வரைக்கும் நனையற மாதிரி வாந்தி எடுக்கத் தனித் திறமை வேணும்க்கா."

அக்காவுக்கு யோசனை வந்துவிட்டது.

*

ஹரியின் அம்மா பானுமதி, ஹேடோ குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷினோடு இருந்தார். மகன் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் சுவரில் அவன் படமும் இல்லை, விளக்கும் இல்லை.

நான் சுற்றுமுற்றும் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கான்" என்றார். "குடிச்சுச் செத்தவனுக்கு மாலை போட்டு இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு படம் இருந்துச்சு. அவங்கப்பன் படம். அதைக் கழட்டி வைக்கச் சொன்னதே ஹரிதான். அப்பன் சிதையில வெந்துட்டு இருக்கறப்ப என் கையைப் பிடிச்சுச் சொன்னான், ஒரு சொட்டு தொட மாட்டேம்மான்னு. இத்தனை வருஷம் காப்பாத்துனவன் ஒரு ஆட்டத்துக்காகவா விட்டான்?"

அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போனவன் போயிட்டான். திரும்ப வரமாட்டான், அது எனக்குத் தெரியும்" என்றார் பானுமதி. "ஆனா அவன் குடிக்கலைன்னு மட்டும் யாராவது சொல்லிட்டா, நான் அவன் மூஞ்சியைப் பாத்துக்குவேன். அது போதும்."

"இப்ப துணைக்கு யாரும்மா இருக்காங்க?" என்றார் அக்கா.

"மகேஷ்தான். தெனமும் வந்து ராத்திரிச் சோறு இங்கதான் திம்பான். நான் பரிமாறலைன்னா அவனும் சாப்பிட மாட்டான், அவன் வரலைன்னா நானும் உலை வைக்க மாட்டேன். அவனும் இல்லைன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

அக்கா எழுந்தவர், வாசலில் நின்று கேட்டார். "கேங்குல பத்லி பத்லின்னு சொல்றாங்களே, உங்க வீட்டுக்காரரும் அனுப்புவாரா?"

"குடிச்சுட்டுப் படுத்த நாளெல்லாம் அனுப்புவாரு. ஒரு தடவை பத்லிக்குப் போனவன் கால்ல இரும்புச் சட்டம் விழுந்துருச்சு. சேதி வந்ததும் இவரு எந்திரிச்சு ஓடி, அந்தாளை முதுகுல தூக்கிட்டு அவன் வீடு வரைக்கும் நடந்தாரு. அவங்க கேங்குல அதுதான் வழக்கம். பத்லிக்கு ஒண்ணுன்னா அனுப்புனவன்தான் பொறுப்பு. வீட்டுல சேக்கற வரைக்கும் அவன் வேற எதையும் தொடக் கூடாது. அந்த மனுஷன் வாழ்க்கையில எல்லாத்துலயும் தப்புனாரு, அதுல மட்டும் தப்பலை. ஹரிகிட்ட அப்பனைப் பத்தி நல்லதாச் சொல்ல எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அடிக்கடி சொல்லுவேன்."

தெருவுக்கு வந்ததும் அக்கா வண்டியில் ஏறாமல் நின்றார்.

"பிரேம், மகேஷ் விழுந்தப்புறம் ஹரி என்ன பண்ணினான்னு சொல்றாங்க?"

"உக்காந்து ஆட்டத்தைத் தொடர்ந்தான்னு."

"பத்லி கீழ விழுந்து கெடக்கறப்பவா?"

"அப்ப சந்திரனும் தபனும் புளுகறாங்க. ரெண்டு பேரும் சேந்து ஹரியைத் தள்ளி விட்டுட்டாங்களா?"

"நீ ரொம்ப நாவல் படிக்கறே" என்றார். "ஞாயித்துக்கிழமை வண்டூர்ல ஒரு பார்ட்டி வை. அந்த ரெண்டு பேரும் வரணும். குடிக்க எலுமிச்சை நிம்பூ பானி மட்டும் போதும். மகேஷ் பக்கத்துலயே வரக்கூடாது, சம்ஜா?"

*

சந்திரமோகன் ஆஜானுபாகு. தபன் பெங்காலிக் குடும்பம், ஒல்லி, ஹேடோவில் தமிழர்களோடு வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று இருவரும் திட்டவுமில்லை, பேசவுமில்லை. முதலை எச்சரிக்கைப் பலகைக்குக் கொஞ்சம் தள்ளி, அதே இடத்தில், அதே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஹரியின் இடத்தில் என்னை உட்கார வைத்த அக்கா, தான் மகேஷின் இடத்தில் உட்கார்ந்தார். சற்றுத் தள்ளிக் கடலில் டிங்கி என்கிற சின்னப் படகு ஒன்று நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எதுக்கு மேடம்? போலீஸ்ல சொல்லியாச்சு" என்றான் சந்திரமோகன்.

"எனக்கு ஆட்டம் தெரியாது. கத்துக் குடுங்க. பஸ், அவ்வளவுதான்."

எண்ண ஆரம்பித்தோம். சந்திரமோகன் தமிழில் எண்ணினான், தபன் ஹிந்தியில் எண்ணினான், அக்கா இரண்டையும் கலந்தார். முதல் ஏழைத் தப்பாமல் கடந்தேன். பதினான்கில் மாட்டிக்கொண்டேன்.

"கணக்குல நான் ஆறாங்கிளாஸ் வரைக்கும்தான்" என்றேன். அக்கா என் பங்கு நிம்பூ பானியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். மறுபடி தோற்றேன். மறுபடி குடித்தார். தபனின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் முட்டாளாக்கிச் சிரிக்கிற ஆட்டத்தில் எவ்வளவு பிரியம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

இந்தத் தீவில் சீக்கிரமே இருட்டிவிடும். மெயின்லேண்டில் டீ குடிக்கிற நேரத்துக்கு இங்கே விளக்குப் போட்டுவிடுவார்கள். சூரியன் கடலைத் தொட்டதும் அக்கா மணலில் சாய்ந்தார்.

"இப்ப மகேஷ் விழுந்துட்டான். நான் மகேஷ். அதுக்கப்புறம் நடந்ததை நடத்திக் காட்டுங்க. எண்ணுங்க."

"ஒண்ணு" என்றான் சந்திரமோகன்.

"தோ" என்றான் தபன்.

"மூணு" என்றேன்.

ஐந்து வரை போயிருப்போம். படுத்திருந்த அக்கா எழுந்தார். தள்ளாடினார். எங்கள் யாரையும் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தார். நான் இது நடிப்பில் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. அவர் டிங்கியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"மகேஷ்!"

கத்தியது தபன்தான். எழுந்து ஓடினான். "மகேஷ், மத் ஜா! மகேஷ், வாபஸ் ஆ! மகேஷ்!" போகாதே, திரும்பி வா என்று அலறிக்கொண்டே தண்ணீரில் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

சேலை சொட்டச் சொட்ட அக்கா கரைக்கு வந்தார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

"கடல்ல இறங்கினது ஹரின்னுதானே போலீஸ்ல சொன்னீங்க? அப்ப ஏன் தபன், மகேஷைக் கூப்பிட்டே?"

தபன் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். சந்திரமோகன்தான் பேசினான், கடலைப் பார்த்துக்கொண்டு.

"அந்த டிங்கியைத் தொட்டுட்டு வர்றேன்னு மகேஷ் போனான். நாங்க சிரிச்சுட்டு இருந்தோம் மேடம். விளையாடறான்னு நினைச்சோம். ஹரிதான் அடுப்பை விட்டுட்டு ஓடினான். 'அவன் என் பத்லிடா'ன்னு கத்திட்டே ஓடினான். அப்புறம்தான் எங்களுக்கு உறைச்சது. தண்ணி வடியற நேரம், இழுப்பு ஜாஸ்தி. மகேஷைத் தூக்கி டிங்கிக் கயித்துல தொத்த வெச்சான். நாங்க நீந்திப் போய் மகேஷைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தோம். கரையில போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா ஹரி இல்லை."

"அவன் எவ்வளவு குடிச்சிருந்தான்?"

"யாரு, ஹரியா? சொட்டு கூட இல்லை. எளநிதான் குடிச்சான்."

"அப்புறம் ஏன்பா பெத்தவகிட்ட அப்படிச் சொன்னீங்க?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் கோபமாகப் பேசி அக்கா பார்த்ததில்லை.

"வேற என்ன சொல்ல? கடல் தண்ணியில நனைஞ்ச சட்டை பேன்ட்டெல்லாம் மாத்தி வீட்டுல போட்டோம். காலையில முழிச்சு 'ஹரி எங்கடா'ன்னான். உன்னைக் காப்பாத்தத்தான் செத்தான்னு எப்படிச் சொல்றது? அவன் அன்னைக்கே தூக்குல தொங்கியிருப்பான். அம்மாவுக்கும் இனிமே மகேஷ் ஒருத்தன்தான். உன் புள்ளையைக் கொன்னது இவன்தான்னு சொல்லி அவனையும் புடுங்கணுமா? ஹரிக்குக் கெட்ட பேரு வந்தாலும் அவன் கோவிச்சுக்க மாட்டான்னு நினைச்சோம். மகேஷுக்காக அவன் எதையும் பொறுத்துக்குவான் மேடம்."

எங்களுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மணலில் சாய்ந்து கிடந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு மகேஷ் நின்றிருந்தான். எங்களைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை. தேவையான அளவுக்கு மேலேயே கேட்டிருந்தான்.

"அரே பாப்ரே" என்று அக்கா தலையில் கை வைத்தார். "இவன் வரக்கூடாதுன்னு சொன்னேனே பிரேம்."

மகேஷ் நண்பர்களைப் பார்த்தான். "அவனைத் தேடலையாடா?"

"தேடினோம்டா" என்று தபன் அழுதான். "இருட்டிருச்சுடா. பேரைச் சொல்லிக் கத்திட்டே இருந்தோம். பதிலே வரலை."

மகேஷ் நடந்து வந்து வட்டத்தில் தன்னுடைய இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்காக ஊற்றி அக்கா குடிக்காமல் விட்டிருந்த நிம்பூ பானி டம்ளர் அங்கே இருந்தது. அதையே வெறித்தான். யார் ஹரிக்கு ஊற்றிக் கொடுத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி எங்களைத் தேடி வந்தவன் அவன். அந்த நிமிடம் இந்தத் தொழிலையே நான் வெறுத்தேன்.

"அம்மாகிட்ட போகணும்" என்றான் கடைசியில்.

"வேண்டாம்டா" என்றான் சந்திரமோகன். "உன் மூஞ்சியில முழிக்க மாட்டாங்கடா."

"அவங்க ஹரி மூஞ்சியிலயே முழிக்கறதில்லையேடா."

யாரும் அதற்குமேல் தடுக்கவில்லை. நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதாகச் சந்திரமோகனும் தபனும் அக்காவிடம் ஒத்துக்கொண்டார்கள்.

*

பானுமதி கதவைத் திறந்தபோது மகேஷைத்தான் முதலில் பார்த்தார். "ஏன்டா இவ்வளவு நேரம்? சோறு ஆறிப்போச்சு" என்றவர், பின்னால் ஈரச் சேலையோடு நின்ற அக்காவைக் கண்டு பேச்சை நிறுத்தினார்.

மகேஷ் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றான்.

"அம்மா, ஹரி குடிக்கலை. நான்தான் குடிச்சேன். என் பங்கையும் அவன் பங்கையும். கடல்ல இறங்கினதும் நான்தான். என்னைத் தூக்கிவிட்டுட்டு அவன் போயிட்டான்."

மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல ஒரே மூச்சில் சொன்னான். வழியெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

பானுமதி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார்.

"குடிக்கலையா?"

"சொட்டு கூட இல்லைம்மா" என்றார் அக்கா. "பத்லிக்கு ஒண்ணுன்னதும் ஓடியிருக்கான். நீங்க சொல்லி வளத்த மாதிரியே."

அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நான் உன்னைத் திட்டிட்டேனேடா" என்றார் படத்திடம். "ஒரு மாசமாத் திட்டிட்டேனேடா." அப்போதுதான் அழுகை வந்தது. எனக்கும் வந்தது, நான் மறைக்கவில்லை.

சுவரில் பழைய ஆணி உயரத்தில் இருந்தது. பானுமதிக்கு எட்டவில்லை. நான் முன்னே போனேன். அதற்குள் மகேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் கையிலிருந்து படத்தை வாங்கி மாட்டினான். மாட்டிவிட்டு, தலை குனிந்து நின்றான். அடிப்பார் என்று எதிர்பார்த்தான் என நினைக்கிறேன். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீ போ" என்றார் பானுமதி, அவனைப் பார்க்காமல். "நாளைக்கு வராதே. உன்னைப் பாத்தா எனக்கு அவன்தான் தெரிவான். கொஞ்ச நாள் ஆகட்டும். நானா கூப்பிடறேன்."

"சரிம்மா."

"கூப்பிடுவேன். எப்பன்னு தெரியாது."

"சரிம்மா."

அவன் படியிறங்கினான். சந்திரமோகன் மகேஷிடம் கொடுத்தனுப்பியிருந்த ஜீப் தெருமுனையில் நின்றது. மகேஷ் சாவியை எடுத்து டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனான். சாவி துவாரத்தில் இறங்கவில்லை. மறுபடி முயன்றான்.

வாசலிலிருந்து பானுமதியின் குரல் கேட்டது. அவர் என்னைக் கூப்பிட்டார், ஆனால் பார்வை மகேஷின் கைமேல் இருந்தது.

"தம்பி, அவனை ஓட்ட விடாதீங்க. கை நடுங்குது பாருங்க. நீங்க ஓட்டுங்க, வீடு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வாங்க."

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். மகேஷ் பின்சீட்டில் ஏறி, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதான். அவன் வீட்டு வாசல் வரும்வரை நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.